முதல் பிறையப் பாத்தா நாய் படாத பாடு

ஏல பேராண்டி, நாளைக்கு நோன்பா பெருநாளான்னு என்கிட்டயா வந்து கேக்குதே? கையில இருக்க போனுக்குள்ள ஒலகமே இருக்குன்னு சொன்னவன் நீதானலே. அதுல கேளு. அது ஒனக்கு மூணு பதில் சொல்லும். மூணுக்கும் ஆதாரம் வெச்சிருக்கும். நாலாவதா எவனாவது ஒரு மணி நேரத்துக்குக் கொறையாம பேசி அனுப்பியிருப்பான். அதையும் கேட்டுக்க. கேட்டு முடிக்கதுக்குள்ள சஹர் நேரம் வந்திரும். சோறு திங்கவா வேண்டாமான்னு அப்ப யோசிக்கலாம்.

பக்கத்துத் தெரு பிள்ளைமார் வீடுகள்ல மூணாம் பிறையத் தேடிப் பிடிச்சுக் கும்பிடுவாவ. நாலாம் பிறை கண்ணுல பட்டா நாய் படாத பாடுன்னு தலையக் குனிஞ்சுக்கிட்டே போயிருவாவ. நமக்கு நாலு நாள் காத்துக் கெடக்கவே வேண்டாம். முதல் பிறையிலேயே அந்தப் பாட்டப் பட்டு முடிச்சிருதோம்லா.

சரி, நான் ஒன்னு கேக்குதேன். நீ முதல் பிறையக் கண்ணால பாத்திருக்கியா? போன்ல இல்லலே. வானத்துல. பாத்திருக்க மாட்டே. நம்ம கடையநல்லூருல நின்னு நீ எப்படிப் பாப்பே? மேக்க அன்னா நிக்குது பாரு மலை. சூரியன் அடையுததே நமக்கு மலைக்குப் பின்னால. பிறை சூரியனுக்குச் செத்த பொறத்தால எறங்குத சாமான். மல்லாந்து பாத்தா தெரியாது. தரையொட்டி மேக்கதான் தேடணும். நாம மாடியில ஏறி நின்னு கைய நெத்தியில வெச்சுத் தேடிக்கிட்டு இருக்கையில, அது சத்தமில்லாம மலைக்கு அந்தப் பக்கம் மலையாளத்தான் வீட்டு முத்தத்துல எறங்கிப் போயிருக்கும்.

அதனால நம்மூரு ஆளுக அந்தக் காலத்துலயே பெரிய பேச்சுப் பேசமாட்டாவ. பாப்பாவ. தெரியலைன்னா வேற ஊருத் தகவலுக்குக் காத்திருப்பாவ. தந்தி வரும். பொறவு ரேடியோவுல சொன்னாவ. பள்ளிவாசல்ல நகரா அடிச்சா பெருநாள், அடிக்கலைன்னா தராவீஹ். முடிஞ்சு போச்சு. இப்ப என்னடான்னா மலைக்கு இந்தப் பக்கம் நின்னுக்கிட்டே பிறைய அளக்கான், பாகை சொல்லுதான், கோணம் சொல்லுதான். கேட்டா ஆப்பு இருக்காம். வெச்சுட்டானுவ ஆப்பு, சமுதாயத்துக்கு.

அவசரப்படாத. நான் கணக்குக்கு எதிரின்னு நெனைக்காத. தறியில ஒக்காந்தவனுக்குக் கணக்குத் தெரியாதா? இழை எண்ணத் தெரியாதவன் சேலை நெய்ய முடியுமாலே? பிறைக் கணக்கும் எனக்குக் கொஞ்சம் தெரியும். சூரியனும் சந்திரனும் ஒரே பக்கமா வந்து நின்னா அமாவாசை. ஒரு அமாவாசையில இருந்து அடுத்த அமாவாசைக்கு சராசரியா 29 நாள், 12 மணி, 44 நிமிசம். அந்த அரை நாள்தான் நம்ம குடும்பத்தையே கெடுக்குது. முழுசா 29-ன்னு இருந்தாலும் சண்டை இல்ல, 30-ன்னு இருந்தாலும் சண்டை இல்ல. நாயகம் (ஸல்) அவுக ரெண்டு கையையும் விரிச்சுக் காட்டி, மாசம் சில நேரம் 29, சில நேரம் 30-ன்னு பச்சப்புள்ளைக்குச் சொல்லுத மாதிரி சொல்லிக் குடுத்துட்டுப் போனாவ. பிறையக் கண்டா நோன்பு வையி, கண்டா விடு, மேகம் மறைச்சா 30 ஆக்கிக்கன்னாவ. இதுல வெளங்காதது எதாவது இருக்கா? நம்மாளு அதுக்கு விளக்கம் எழுதுதேன்னு புஸ்தகம் புஸ்தகமா போட்டுத் தள்ளுதான்.

அமாவாசை முடிஞ்ச ஒடனே பிறை தெரியாது. சந்திரன் சூரியனை விட்டு வெலகணும். மணிக்கு அரைப் பாகைதான் வெலகும், பைய. அதனால மேக்க போகப் போக, சூரியன் அடையுததுக்குள்ள பிறைக்கு வயசு கூடிரும், லேசா மாட்டும். நமக்குப் பொழுது அடைஞ்சு சுமாரா ரெண்டரை மணி நேரம் ஆகும் மக்காவுல அடைய. அதுக்குள்ள அது இன்னும் ஒரு பாகைக்கு மேல நகந்திரும். ஆக, சவூதியில தெரிஞ்ச பிறை நமக்குத் தெரியாமப் போகலாம். ரெண்டு பேரும் பொய் சொல்லல. இவ்வளவுதான் விஷயம். இதுக்கு மேடை எதுக்கு, மைக் எதுக்கு, மறுப்புக் கூட்டம் எதுக்கு?

2024-ல நடந்தத நெனச்சுப் பாரு. ஏப்ரல் 8 அன்னைக்கு அமெரிக்காவுல முழு சூரிய கிரகணம். கிரகணம்னா என்ன? அமாவாசை எந்த நேரத்துலன்னு அல்லாவே வானத்துல எழுதிக் காட்டுதான். நம்ம நேரத்துக்கு ராத்திரி 12 மணி ஆகப்போகையில. மறுநாள் சாயங்காலம் பொன்னானிக் கடக்கரையில பிறை கண்டாச்சுன்னாவ. வயசு 19 மணி நேரம்கூட ஆகல. கேரளத்துக்கு 10-ம் தேதி பெருநாள். நம்ம தமிழ்நாட்டுல காணல, 11-ம் தேதி. சவூதியில 30 நோன்பு முடிச்சு 10-ம் தேதி. மலையாளத்தான் 29 முடிச்சு அதே 10-ம் தேதி. நம்மாளு 30 முடிச்சு 11. புளியரை செக்போஸ்ட்டைத் தாண்டி ஆரியங்காவுக்குப் போனா பிரியாணி. திரும்பி செங்கோட்டைக்கு வந்தா வாயில எச்சி முழுங்கக் கூடாது. பஸ்ஸுல போனவன் பாடு என்ன? அதுக்கும் ஒருத்தன் ஃபத்வா வெச்சிருப்பான், கேளு.

இந்த இடத்துல ஒன்னைய மாதிரி இளந்தாரி ஒருத்தன் எந்திரிச்சு, "ஒரே உம்மத்து, ஒரே பிறை"ம்பான். சர்வதேசப் பிறைக்காரன். ஒடனே இன்னொருத்தன் எந்திரிச்சு, "தத்தம் பகுதிப் பிறை"ம்பான். மூணாமத்தவன் காலண்டரத் தூக்கிக்கிட்டு வருவான். மூணு பேரும் ஒரே தெரு. ரெண்டு பேரு மச்சான் மச்சினன். ஒரு வீட்டுல மாமியா நோன்பு, மருமவ பெருநாள். ஒங்க உம்மா கிட்ட கேட்டுப் பாருலே, பிறைச் சண்டைன்னா என்னன்னு அவ சொல்லுவா. கறி வாங்கவா வேண்டாமா, தேங்காச்சோத்துக்கு அரிசி களையவா, சஹருக்கு எந்திரிக்கவான்னு அடுப்படியில நிக்கவ அவதான். ஆம்பளைக ராவெல்லாம் பள்ளிவாசல் திண்ணையில ஒக்காந்து ஒலகத்துக்கே தீர்ப்புச் சொல்லுவாவ. விடியக்காலம் வந்து "இன்னைக்குப் பெருநாளாம்"ம்பாவ. பெருநாள் அன்னைக்கு நோன்பு வெச்சா ஹராம். நோன்புல பெருநாள் கொண்டாடுனா பாவம். ஆக, ஒருத்தன் பார்வையில அடுத்தவன் எப்பவும் குத்தவாளி. இம்புட்டு வசதியான சண்டை வேற எங்க கெடைக்கும்?

ஒலகம் பூரா ஒரே பிறைன்னு சொல்லுதவன்கிட்ட நான் குரைபு கதையக் கேப்பேன். தெரியுமா ஒனக்கு? குரைபுன்னு ஒருத்தர் மதீனாவுல இருந்து ஷாமுக்கு, அதான் சிரியாப் பக்கம், ஒரு சோலியாப் போனாரு. அங்க வெள்ளி ராத்திரி பிறை கண்டு, ஆட்சியில இருந்த முஆவியா உட்பட எல்லாரும் நோன்பு வெச்சாவ. மாசக் கடைசியில இவரு மதீனாவுக்குத் திரும்பி வந்து சொன்னாரு. நாயகத்தோட தோழர் இப்னு அப்பாஸ் என்ன சொன்னாவ? நாங்க சனி ராத்திரிதான் கண்டோம், 30 முடியுத வரைக்கும் இல்ல பிறை காணுத வரைக்கும் நோன்பு வெப்போம்ன்னாவ. முஸ்லிம் ஹதீஸ் கிதாபுல இருக்கு. ஷாமும் மதீனாவும் ஒரே ஆட்சிதான். சண்டை இல்ல. நீ ஷாமு, நான் மதீனா, போயிட்டு வான்னு முடிச்சிட்டாவ. ஆனா இதுல ஒரு வேடிக்கை கேளு. இந்த ஒரு கதையையே ரெண்டு கட்சிக்காரனும் ஆதாரமாக் காட்டுதான். ஊருக்கு ஊரு வேற பிறைங்கதுக்கு ஒருத்தன். அந்தக் காலத்துல தகவல் வந்து சேரப் பிந்துச்சு, இப்ப பிந்தாதுல்லாங்கதுக்கு இன்னொருத்தன். இப்னு அப்பாஸே வந்து நின்னாலும் இவனுவ அவுககிட்டயே விளக்கம் சொல்லுவானுவ.

சவூதிய அப்படியே பின்பத்துதேன்னு ஒரு கூட்டம் இருக்குலா, அவன்கிட்ட நான் கேக்குத கேள்வி வேற. சவூதியில ரெண்டு இருக்கு வாப்பா. உம்முல் குரா காலண்டர்னு ஒன்னு, ஆபீஸ் வேலைக்கு. மக்காவுல சூரியன் அடையுததுக்கு முன்னால அமாவாசை முடிஞ்சு, சூரியனுக்குப் பொறவு சந்திரன் அடைஞ்சா மறுநாள் மாசப் பொறப்புன்னு கணக்கு. கண்ணுக்குத் தெரியணும்னு அதுல இல்ல. ஆனா ரமளானுக்கும் பெருநாளுக்கும் ஹஜ்ஜுக்கும் பிறை பாத்தவுக சாட்சி சொல்லணும்னு காத்திருக்காவ. நீ எத பின்பத்துதே? காலண்டரையா, சாட்சியையா? பதில் வராது. டிக்கெட்டு வெலை எவ்வளவுன்னு பேச்ச மாத்துவான்.

ஒன்னுல மட்டும் அவன் பேச்சுல கொஞ்சம் ஞாயம் இருக்கு, மறைக்க மாட்டேன். அரபா நாள். ஹஜ்ஜு ஒலகத்துல ஒரே இடத்துலதான் நடக்கு. ஹாஜிமாரு அரபாவுல நிக்கத டிவியில நேரா காட்டுதான். நம்ம கணக்குக்கு அன்னைக்கு பிறை எட்டு. மறுநாள் நாம அரபா நோன்பு வெக்கையில அங்க குர்பானி கொடுத்து முடிச்சிருக்கான். கேக்கவனுக்கு ஒரு மாதிரியாத்தான் இருக்கும். டிவி இல்லாத காலத்துல இது யாரு கண்ணையும் உறுத்தல. இப்ப உறுத்துது. யோசிக்க வேண்டிய சங்கதிதான். ஆனா யோசிக்கதுக்கும் சட்டையப் பிடிக்கதுக்கும் நடுவுல கொஞ்சம் எடம் இருக்குல்லா?

இப்ப காலண்டர்காரன். இவன எனக்குப் பிடிக்கும், அதனால கூடக் கொஞ்சம் வையுதேன். மினிக்காய் தீவுக்காரரு அலி மணிக்ஃபான், பள்ளிக்கூடப் படிப்பு கொஞ்சம், மூளை கடல் அளவு. மண்டபத்துல மீன் ஆராய்ச்சி நெலையத்துல வேலை பாத்தவரு, ஒரு மீனுக்கே அவரு பேரு வெச்சிருக்காவ. ஆணியில்லாம கயித்துலயே கட்டுத அந்தக் காலத்துக் கப்பல 1980-ல ஓமானுல கட்டிக் குடுத்தாரு; அது சீனா வரைக்கும் போச்சு. 2021-ல பத்மஸ்ரீ குடுத்தாவ. அவரு பிறைக் கணக்குப் போட்டு ஹிஜ்ரி காலண்டர் வேணும்னாரு. அவரு கேட்ட கேள்வி நல்ல கேள்விதான். அஞ்சு வேளைத் தொழுகைக்கும் பள்ளிவாசல் செவுத்துல அட்டவணை தொங்குதே, நிமிசக் கணக்கா. எவனாவது குச்சிய நட்டு நெழல அளந்தா லுஹருக்கு பாங்கு சொல்லுதான்? மோதினார் கடியாரத்தப் பாத்துட்டுத்தான மைக்கப் பிடிக்காரு? சூரியனுக்கு ஒத்துக்கிட்ட கணக்க சந்திரனுக்கு மட்டும் ஏன் மாட்டேங்கே?

நல்ல கேள்வி. ஆனா கணக்குக்காரன் அதோட நிப்பாட்டாம, "கணக்குன்னா ஒன்னுதான், அதுல சண்டையே வராது"ன்னான் பாரு, அங்கதான் எனக்குச் சிரிப்பு. சந்திரன் எங்க நிக்குங்கதுல சண்டை வராது, வாஸ்தவம். எங்க நின்னா மாசம் பொறந்துச்சுன்னு எடுத்துக்கிடணும்ங்கதுலதான சண்டை? 1978-ல இஸ்தான்புல்லுல கூடி, சூரியனை விட்டு 8 பாகை வெலகி, அடிவானத்துல இருந்து 5 பாகை ஒசரத்துல இருக்கணும்ன்னாவ. இந்தோனேசியா, மலேசியாப் பக்கம் இப்ப 3 பாகை ஒசரம், 6.4 பாகை வெலகல் போதும்னு வெச்சிருக்காவ. உம்முல் குராவுக்குப் பாகையே வேண்டாம். ஆறே புள்ளி நாலாம்லே! சேலைக்கு முந்தி அளக்கவன்கூட இம்புட்டு சுத்தமா அளக்க மாட்டான். கோடு போட்டது மனுசன். மனுசன் கோடு போட்டா பக்கத்துல இன்னொருத்தன் கோடு போடத்தான் செய்வான்.

எனக்குத் தெரிஞ்ச ஞாயத்தச் சொல்லுதேன், கேட்டாக் கேளு. சினை மாட்டுக்கு மாட்டு டாக்டரு நாள் குறிச்சுக் குடுக்காரு. சரியாத்தான் குறிப்பாரு. அதுக்காக நீ முந்துன நாளே செம்பத் தூக்கிக்கிட்டு சீம்பாலுக்கு ஒக்காருவியா? கண்ணு விழட்டும். ஆனா இன்னொன்னு. இன்னும் ரெண்டு மாசம் கெடக்குன்னு டாக்டரு சொல்லியிருக்கையில, ஒருத்தன் ஓடிவந்து "ஒம்ம மாடு கண்ணு போட்டிருச்சு, நான் என் கண்ணால பாத்தேன்"னு சத்தியம் பண்ணுனா, அவன் எந்தத் தொழுவத்துல பாத்தான்னு நீ கேப்பியா மாட்டியா? இது நான் புதுசாக் கண்டுபிடிச்சதில்ல. 14-ம் நூத்தாண்டுல ஷாஃபி மத்ஹபுப் பெரியவர் தகியுத்தீன் சுப்கி சொல்லிட்டாவ, பிறை தெரியவே வாய்ப்பில்லன்னு கணக்கு உறுதியாச் சொல்லையில வந்து பாத்தேங்கவன் சாட்சிய ஏத்துக்கிட முடியாதுன்னு. சுப்கிக்கு ஆப்பு இல்ல, டெலஸ்கோப்பு இல்ல. தலைக்குள்ள இருந்துச்சு.

பாத்தேங்கவன் எல்லாம் பொய்யன்னும் நெனைக்காத. கண்ணு ஏமாத்தும். கண்ணால கண்டதும் பொய்யின்னு சொன்னது சும்மாவா? பஸ்ராவுல இயாஸ்னு ஒரு காழி இருந்தாரு, மகா கூர்மை. அவரப் பத்தி ஒரு கதை சொல்லுவாவ. பிறை பாக்க ஊரே கூடியிருக்கு. நூறு வயச நெருங்குத அனஸ் இப்னு மாலிக், நாயகத்துக்குப் பணிவிடை செஞ்ச ஸஹாபி, "அன்னா தெரியுது, நான் பாத்துட்டேன்"ங்காவ. வேற ஒருத்தருக்கும் தெரியல. அவ்வளவு பெரிய மனுசன் சொல்லுதத மறுக்க முடியுமா? ஏத்துக்கிடவும் முடியல. இயாஸ் பக்கத்துல போய்ப் பாத்தாரு. பெரியவரு புருவத்துல இருந்து ஒரு நரைமுடி வளஞ்சு கண்ணுக்கு முன்னால தொங்குது. கைய வெச்சு அத பைய நீவிவிட்டுட்டு, "இப்பக் காட்டுங்க"ன்னாரு. "இப்பத் தெரியலையே"ன்னாவ. அவ்வளவுதான். வீட்டுக்குப் போயிட்டாவ.

இது இன்னைக்கு நடந்தா என்ன ஆகும்னு நெனச்சுப் பாரு. நரைமுடிப் பிறை ஜமாஅத்துன்னு ஒன்னு ஆரம்பிச்சிருப்பான். புருவத்த நீவுதது பித்அத்தா இல்லையான்னு விவாதம். அனஸ் அவுகள அவமதிச்சுட்டான்னு இயாஸ் வீட்டு முன்னால கூட்டம். நீவுததுக்கு முந்தி ஒரு பெருநாள், நீவுனதுக்குப் பிந்தி ஒரு பெருநாள்.

டெலஸ்கோப்பு வெச்சுப் பாத்தா பாத்ததாகுமாங்க அடுத்த கூத்துக்கு நான் வரவே இல்ல. 2013 ஜூலையில தியரி லெகோன்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, பட்டப்பகல்ல, சரியா அமாவாசை நேரத்துலயே பிறையப் படம் பிடிச்சுக் காட்டிட்டாரு. காமிராக் கண்ணும் கண்ணுதான்னா, அமாவாசையும் பிறையும் ஒன்னாயிருச்சு. இனி எதத் தேடி மாடிக்கு ஏறுவே?

நம்ம சாதிசனம் மட்டும்தான் இப்படின்னு மனசு ஒடஞ்சிராத. பாகிஸ்தானுல 2019-ல அறிவியல் மந்திரி ஃபவாத் சவுத்ரி, இனி பிறை பாக்கவே வேண்டாம்னு காலண்டரும் ஆப்பும் போட்டாரு. ஜூன் 5 பெருநாள்ன்னாரு. மத்திய பிறைக் கமிட்டிக்கும் அதே 5-தான் வந்துச்சு. ஆனா பெசாவர் பள்ளிவாசல்ல முஃப்தி போபல்சாய் 4-ம் தேதிய அறிவிச்சாரு. கைபர் மாகாண அரசாங்கம் அவரோட போயிருச்சு. அந்த மாகாணத்த ஆண்டது யாருங்கே? மந்திரியோட அதே கட்சி. இங்கன டீக்கடையில பிள்ளைவாள் இதக் கேட்டுட்டு விழுந்து விழுந்து சிரிச்சாரு. நான் விடுவனா? 2025 மார்ச்சுல சனிப்பெயர்ச்சின்னு திருக்கணிதக்காரரு சொன்னாவ. இல்ல, வாக்கியப் பஞ்சாங்கப்படி 2026-லதான்னு திருநள்ளாறு கோயில்ல சொல்லிட்டாவ. "சனி ஒம்ம வீட்டுக்கு வந்துட்டாரா, வழியில நிக்காரா?"ன்னேன். டீக்குக் காசு அவருதான் குடுத்தாரு.

சிங்கப்பூருல நம்மூரு ஆளுக எம்புட்டுப் பேரு இருக்காவ. அங்க வானம் எப்பவும் மப்பும் மந்தாரமும். பிறை சிக்குததே அபூர்வம். கணக்க வெச்சுக்கிட்டு முஃப்தி ஒரு வாக்குச் சொல்லுவாரு, ஊரு கேக்கும். அதே ஆளு லீவுல இங்க வந்து எறங்குனதும் நாலு நாளையில ஏதாவது ஒரு பிறைக் கட்சியில சேந்திருதான். தண்ணி ஒத்துக்கிடலையோ என்னவோ.

இம்புட்டு நேரம் சொல்லியும் ஒனக்கு ஒன்னு தோணலையாலே? இது பிறைச் சண்டையே இல்ல. மைக்குச் சண்டை. நாளைக்குப் பெருநாள்ங்கத யாரு வாய் சொல்லணும்ங்கதுதான் வழக்கு. தலைமைக் காஜி சொன்னா அது அரசாங்கப் பிறை. ஜமாஅத்துச் சொன்னா சுன்னத்துப் பிறை. இயக்கம் சொன்னா தவ்ஹீதுப் பிறை. வானத்துல இருக்கது மட்டும் எந்தக் கட்சியிலயும் உறுப்பினர் ஆகல, பாவம். நீங்க எல்லாரும் சேந்து நோன்பு வெக்கிற நாள்தான் நோன்பு, எல்லாரும் சேந்து விடுத நாள்தான் பெருநாள்ங்க கருத்துல ஒரு ஹதீஸ் திர்மிதியில இருக்கு. அத எந்த மேடையிலயும் ரொம்ப நேரம் வாசிக்க மாட்டாவ. வாசிச்சா தனியா எடம் பிடிச்சுத் திடல்ல தொழுகை வெக்க முடியாதுல்லா.

நம்பிக்கை இல்லையா? ஒரு சோதனை சொல்லுதேன். ஸஃபர் மாசப் பிறைக்கு எவனாவது சண்டை போட்டுக் கேட்டிருக்கியா? ரஜபு? ஜமாதுல் ஆகிர்? வருசத்துல பன்னெண்டு பிறை பொறக்குது. ரமளான், ஷவ்வால், துல்ஹஜ்ஜு, இந்த மூணுக்குத்தான் ரத்தக் கொதிப்பு ஏறுது. மத்த ஒம்பதையும் சீந்த நாதியில்ல. ஷஃபான் எப்ப பொறந்துச்சுன்னே தெரியாதவன், ஷஃபான் 29 அன்னைக்கு மாடியில ஏறி நிக்கான். 29-ங்கது எந்தக் கணக்குல வந்துச்சுன்னு கேட்டா, காலண்டர்ல போட்டிருக்காம். சிவகாசிக்காரன் அடிச்ச காலண்டரு!

பிறை மேல உசுரா இருக்கேன்னு சொல்லுதேல்லா, வா. வாற ஜமாதுல் அவ்வல் பொறக்குத அன்னைக்கு காலையிலேயே கெளம்புவோம். நம்மூருல மலை மறைக்கும். பஸ்ஸப் பிடிச்சுக் கெழக்க திருச்செந்தூர்ப் பக்கம் போயிறாத கோட்டிக்காரா, பிறை மேக்க. மலையத் தாண்டிக் கொல்லம் கடக்கரைக்குப் போவோம். ஒன்னோட மூணு கட்சிக் கூட்டாளிகளையும் கூப்பிட்டுப் பாரு. ஒருத்தனும் வரமாட்டான். வந்தா பஸ்ஸுக்கும் டீக்கும் நான் காசு தாரேன். வராட்டா அந்தக் காசுல ஒரு நல்ல வறுத்த நேந்திரங்கா சிப்ஸ் வாங்கிட்டு வந்திருவோம். ஒங்க உம்மாகிட்ட மட்டும் இப்பவே சொல்லிரு, ராத்திரி திரும்ப நேரமாகும்னு. அவளுக்காவது ஒரு தகவல் முன்கூட்டியே தெரியட்டும்.